பனை வைத்தவனுக்குத் தெரியும்

சென்ற இதழில் வந்த அந்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில். இரண்டாம் முறை, அந்தக் கோபம் நியாயம்தானா என்று பார்ப்பதற்காக. நியாயம்தான்.

கட்டுரையாளர் சொல்வதன் சாரம் இது. சாவை நினைப்பது ஒரு நோய். நினைக்கிறவனுக்குக் கை சோர்ந்துவிடும். தமிழன் நிலையாமை பாடிப் பாடியே உருப்படாமல் போனான். உலகத்தில் நடந்த பெரிய காரியங்களையெல்லாம் செய்தவர்கள் சாவை மறந்தவர்கள். ஆகவே நோயாளியிடம் உண்மையைச் சொல்லாதே, பிள்ளைகள் முன்னால் பேசாதே, பேச்சு வந்தால் மாற்று. மறதிதான் வாழ்வின் எரிபொருள். ('எரிபொருள்' அவருடைய சொல். தீர்ந்துபோவது என்ற அர்த்தமும் அதற்குள்ளேயே இருப்பதை அவர் கவனிக்கவில்லை.)

இதை நிரூபிக்க அவர் அழைத்து வரும் சாட்சிகள் சாதாரண ஆட்கள் இல்லை. மாங்குடி மருதனார், ஸ்பினோசா, பாரதி, போதாதற்கு அமெரிக்க உளவியல். ஆனால் கூண்டில் ஏற்றி நான்கு கேள்வி கேட்டால் அத்தனை பேரும் பிறழ்சாட்சி ஆகிறார்கள். தன் சாட்சியிடம் ஒருமுறைகூடப் பேசிப் பார்க்காமல் வழக்காட வந்த வக்கீலை இப்போதுதான் பார்க்கிறேன்.

முதலில் பனை. "நாளை செத்துப்போவோம் என்று நினைக்கிறவன் இன்று பனங்கொட்டை ஊன்றுவானா?" என்று கட்டுரையின் நடுவில் ஒரு கேள்வி வருகிறது. கேட்டுவிட்டு, இதற்குப் பதிலே கிடையாது என்ற தோரணையில் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். ஐயா, பதில் ஊரில் கிழவிகள் வாயில் இருக்கிறது. தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான். இந்தச் சொலவடையை உண்டாக்கியவன் சாவை மறந்தவனா? இரண்டு மரத்துக்கும் அவன் பிடித்த அளவுகோலே சாவுதான். நுங்கு தன் வாய்க்கு வராது, பேரன் வாய்க்குத்தான் வரும் என்று தெரிந்தேதான் கொட்டையை ஊன்றினான். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் வரிசையாக நிற்கும் பனைகளை வைத்தவர்களில் எவனும் தான் சாகமாட்டோம் என்று நம்பி வைக்கவில்லை. தான் சாகாதவன் என்று நம்புகிறவனுக்கு அவசரம் ஏது? அடுத்த மழைக்கு ஊன்றிக்கொள்வான். அதற்கடுத்த மழைக்கும்.

அடுத்தது மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. காஞ்சி என்றால் நிலையாமை, ஆகவே அந்தப் பாட்டு ஒப்பாரி, ஆகவே நம் சோம்பலுக்கு அதுவே தோற்றுவாய். இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. தலைப்பைத் தாண்டி உள்ளே போன தடயம் எதுவும் இல்லை. போயிருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார்.

பத்துப்பாட்டிலேயே நீளமான பாட்டு அது. 782 அடி. தலையாலங்கானத்தில் ஜெயித்து, எதிரில் நிற்க ஆளில்லாமல் இருக்கும் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், உனக்கு முன்னால் இந்த மண்ணை ஆண்டவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று எடுத்துச் சொல்ல வந்த பாட்டு. சொல்வதற்கே துணிச்சல் வேண்டிய செய்தி. சரி, அதைச் சொல்ல எடுத்துக்கொண்ட 782 அடியிலும் சுடுகாட்டுப் புகையா இருக்கிறது? கடைத்தெரு இருக்கிறது! பகலில் கூடும் நாளங்காடி, இரவில் கூடும் அல்லங்காடி. சங்கை அறுத்து வளையல் செய்பவன், மணிக்குத் துளையிடுபவன், பொன்னை உரசிப் பார்ப்பவன், துணி விற்பவன், செம்பு நிறுப்பவன். மாம்பழம், பலாச்சுளை, கீரை, கறி கலந்த சோறு. பூவும் புகையும் எடுத்துக்கொண்டு குழந்தைகளோடு கோயிலுக்குப் போகும் பெண்கள். அப்புறம் இரவு. அதை யாமம் யாமமாகப் பிரித்து, எந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள், எந்தக் கடை சாத்துகிறது, திருடன் எப்போது கிளம்புகிறான், காவலன் எப்படி அவனைத் தேடுகிறான் என்று விடியும்வரை ஊர் சுற்றிக் காட்டுகிறார். ஒரு நகரத்தின் ஒரு நாளை இவ்வளவு ஆசையாகப் பார்த்த இன்னொரு பாட்டு நம்மிடம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று எதுவும் தோன்றவில்லை.

சாவைப் பற்றிச் சொல்ல வந்தவர் ஏன் இவ்வளவு நேரம் சந்தையில் நிற்கிறார் என்ற கேள்வி கட்டுரையாளருக்கு வரவில்லை. எனக்கு வந்தது. வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் அந்த வீட்டின் ஜன்னலை நாம் சரியாகப் பார்க்கிறோம். மருதனார் அந்தக் கண்ணோடு மதுரையைப் பார்த்திருக்கிறார். முடிவில் அரசனுக்கு அவர் சொல்லும் புத்திமதி என்ன? முடியைத் துறந்து காட்டுக்குப் போ என்பதா? உனக்கென்று அளந்து கொடுத்த காலத்தை மகிழ்ந்து இனிதாக வாழ் என்பதுதான். 'அளந்து' என்பதையும் 'மகிழ்ந்து' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் நம் கட்டுரையாளருக்குத்தான்.

குறளையும் விடவில்லை அவர். 34-ஆம் அதிகாரம் நிலையாமை, அது துறவறவியலில் இருக்கிறது, ஆகவே சோர்வு. திரும்பவும் தலைப்பு வாசிப்புத்தான். உள்ளே வள்ளுவர் என்ன செய்கிறார்? கையில் பணம் சேர்ந்தால் நிலைத்து நிற்கும் காரியத்தை அப்போதே செய் என்கிறார். விக்கல் வந்து நாக்கு அடங்கும் முன்னால் நல்லதைச் செய்து முடி என்கிறார். இது கை சோர்ந்தவன் குரலா, கடிகாரம் பார்க்கிறவன் குரலா?

நியாயத்துக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உடம்பைப் புழுக்கூடு என்றும் பெண்ணை நரகம் என்றும் வசைபாடி, எல்லாம் சாம்பல்தான் என்று கையை உதறும் பாடல்கள் நம்மிடம் உண்டு. அவற்றில் பாதி எனக்கும் பிடிக்காது. அவை சாவை ஏற்றுக்கொண்டவர்களின் பாட்டு அல்ல, வாழ்வின்மேல் கோபித்துக்கொண்டவர்களின் பாட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்தான் மருதனாரையும் அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பார்.

இனி தத்துவஞானி ஸ்பினோசா. கட்டுரையாளரின் துருப்புச்சீட்டு. சுதந்திரமான மனிதன் சாவைப் பற்றித்தான் மிகக் குறைவாக நினைப்பான் என்ற பொருளில் 'எதிக்ஸ்' நூலின் நான்காம் பாகத்தில் 67-ஆவது கூற்று ஒன்று இருக்கிறது, உண்மை. ஆனால் ஸ்பினோசா கூற்றைச் சொல்லிவிட்டுச் சும்மா போகிறவர் இல்லை. ஜியோமிதிப் புத்தகம்போல ஒவ்வொன்றுக்கும் கீழே நிரூபணம் எழுதுகிறவர். அந்த நிரூபணத்தில் இருப்பது பயத்தைப் பற்றிய பேச்சு. அறிவின்படி வாழ்கிறவனைச் சாவுபயம் நடத்திச் செல்வதில்லை என்கிறார். பயப்படாதே என்று அவர் சொன்னதை, கண்ணை மூடிக்கொள் என்று இவர் மொழிபெயர்த்துவிட்டார்.

சரி, தத்துவத்தை விடுவோம். அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்று பார்ப்போம். 1677 பிப்ரவரியில் ஹேக் நகரத்தில், 44 வயதில், ஒரு வாடகை அறையில். பல வருடமாக நுரையீரல் நோய். லென்ஸ் தேய்த்துப் பிழைத்தவர், கண்ணாடித் தூசியும் அதற்கு உதவியிருக்கலாம். 'எதிக்ஸ்' அப்போது அச்சேறவில்லை. 1675-ல் வெளியிடப் பார்த்து, கிளம்பிய வதந்திகளைக் கண்டு நிறுத்திவைத்திருந்தார். ஆகவே என்ன செய்தார்? கையெழுத்துப் பிரதிகளை எழுத்துமேசைக்குள் வைத்துப் பூட்டி, தன் காலத்துக்குப் பிறகு அந்த மேசையை ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் பதிப்பாளருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். வீட்டுக்காரர் அனுப்பினார். அதே வருடம் முடிவதற்குள் நூல் வெளிவந்தது. அட்டையில் முழுப்பெயர்கூட இல்லை, மூன்று முதலெழுத்துகள் மட்டும்.

சாவை மறந்தவர் மேசைக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகமாட்டார். வீட்டுக்காரர் வாடகை பாக்கிக்கு மேசையை விற்றிருப்பார். 67-ஆவது கூற்றும் அதோடு போயிருக்கும். மேற்கோள் காட்டக் கட்டுரையாளருக்கு எதுவும் கிடைத்திருக்காது.

பாரதிக்கு வருவோம். 1921 ஜூலைக் கடைசியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் அவர் பேசிய தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. இதைச் சொல்லிக் கட்டுரையாளர் கைதட்டுகிறார். மறந்துபோன விஷயத்தை எவனாவது தலைப்பாக வைப்பானா? அதற்கு ஆறு வாரம் கழித்துத் திருவல்லிக்கேணியில் பாரதி இறந்தார். வயது 38. இதற்கு முந்தைய வருடம் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். தன் எழுத்துகளையெல்லாம் தொகுத்து 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப்போவதாகத் திட்டம். பணம் கேட்டிருந்தார், திட்டம் நிறைவேறவில்லை. தமிழர்கள் எவ்வளவு தாராளமாக உதவியிருப்பார்கள் என்பது தெரிந்ததுதான். அந்த அவசரத்துக்குப் பின்னால் அவர் மனதில் சாவு இருந்ததா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். செத்தவர் மனதுக்குள் புகுந்து சாட்சி சொல்லும் வேலையைக் கட்டுரையாளருக்கே விட்டுவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறேன்: 37 வயதில் ஒரு மனிதர் தன் எழுத்துகளை எண்ணி அடுக்கிப் பார்க்கிறார்.

அமெரிக்க உளவியல் விவகாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாவை நினைவூட்டினால் மனிதன் கொடூரமாகிறான் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டதாம். அவர் சொல்வது 1989-ல் வெளிவந்த ஆய்வு. அரிசோனாவில் நகர நீதிபதிகள் சிலரிடம் அவர்களுடைய சாவைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு, பாலியல் தொழில் வழக்கு ஒன்றைக் கொடுத்து ஜாமீன் தொகை கேட்டார்கள். சராசரி 455 டாலர் வந்தது. சாவைப் பற்றி எழுதாத நீதிபதிகளிடம் 50 டாலர். கேட்க அசத்தலாகத்தான் இருக்கிறது. மொத்த நீதிபதிகள் எத்தனை பேர் என்பதை மட்டும் கட்டுரையாளர் எழுதவில்லை. 22 பேர். நம் பக்கத்தில் ஒரு டவுன் பஸ்ஸில் இதைவிட அதிகம் பேர் தொங்கிக்கொண்டு போவார்கள். இந்த வகைச் சோதனைகளில் பேர்பெற்ற ஒன்றைப் பின்னாளில் பல ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தன. சொல்லப்பட்ட விளைவு தென்படவில்லை. அதோடு, திடீரென்று ஒரு தாளைக் கொடுத்து உன் சாவை எழுது என்று அதிரவைப்பது வேறு, வருடக்கணக்காக ஒரு விஷயத்தோடு பழகி அதை ஏற்றுக்கொள்வது வேறு. தூங்குகிறவன் முகத்தில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, குளிப்பது உடம்புக்கு ஆகாது என்று அறிக்கை விடலாமா?

ஒரே ஒரு இடத்தில் நான் அவர் பக்கம். இன்றுதான் கடைசி நாள் என்று நினைத்து வாழுங்கள் என்று மேடையில் மைக் பிடிக்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை அவர் கிழித்திருக்கிறார். கிழிக்க வேண்டியதுதான். இன்றுதான் கடைசி நாள் என்றால் நான் மின்கட்டணம் கட்டமாட்டேன், பல்கூட விளக்கமாட்டேன். நாளை சாவேன் என்பதும் பொய், சாகவே மாட்டேன் என்பதும் பொய். இருக்கிற நாள் எத்தனை என்று தெரியாது, ஆனால் கணக்கில் அடங்கியது என்பது மட்டும்தான் உண்மை. பாதிக் கிணறு தாண்டிய கட்டுரையாளர், ஒரு பொய்யைத் திட்டிவிட்டு இன்னொரு பொய்க்குள் விழுந்துவிட்டார்.

இதுவரை எழுதியதெல்லாம் படிப்பாளிச் சண்டை. அவருக்கும் எனக்கும் பொழுதுபோகும். எனக்கு உண்மையாகவே ரத்தம் கொதித்தது அந்தக் கடைசிப் பத்தியில்தான். நோயாளியிடம் சொல்லாதே என்று அவர் உபதேசிக்கும் இடத்தில்.

என் பெரியப்பா சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கணையத்தில் புற்று. டாக்டர் வராந்தாவில் நின்று அண்ணன்களிடமும் என்னிடமும்தான் சொன்னார். பெரியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க சார், தாங்க மாட்டாரு." நானும் தலையாட்டினேன். வீட்டில் அல்சர் என்று சொன்னோம். மாத்திரை உறையிலிருந்து காகிதத்தைக் கிழித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு குடும்பமே ஐந்து மாதம் பாடுபட்டது.

ஒருநாள் நான் தனியாக இருக்கும்போது பெரியப்பா கேட்டார்: "ஏன்டா, அல்சருக்கு ஏன்டா இத்தன பேரு வந்து பாக்குறாங்க?" நான் டம்ளரைக் கழுவப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

அவருக்கும் என் அப்பாவுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வரப்புத் தகராறு. அரை அடி மண். ஐப்பசியில் பெரியப்பாவே ஆரம்பித்தார், "தம்பிட்டப் பேசணும்டா. உடம்பு தேறட்டும், தை பொறக்கட்டும், நானே வாரேன்." இதை அப்பாவிடம் வந்து சொன்னேன். அப்பா அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டியவர். சட்டையைக்கூட மாட்டிவிட்டார். அப்புறம் உட்கார்ந்துகொண்டார். "திடீர்னு நான் போய் நின்னா அண்ணனுக்குச் சந்தேகம் வந்துருமே. சாகப்போறோம்னு தெரிஞ்சுருமே." நாங்களும் ஆமாம் என்றோம். எங்கள் பொய்யைக் காப்பாற்றத் தம்பியை வாசல் படியிலேயே நிறுத்திவைத்தோம்.

மார்கழி இருபதாம் தேதிக்குமேல் பெரியப்பாவுக்கு நினைவு தவறியது. அப்பா போனார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். தை பிறக்கவில்லை.

தாங்கமாட்டார் என்று நாங்கள் முடிவுகட்டினோம். அதைத் தாங்க முடியாதவர்கள் நாங்கள். அவரிடம் மிச்சமிருந்தது ஐந்து மாதம். அதில் செய்ய அவருக்கு ஒரு காரியம் இருந்தது. நேரம் நிறைய இருக்கிறது என்று நம்பவைத்து அந்தக் காரியத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டோம். கட்டுரையாளர் இதற்குக் கருணை என்று பெயர் வைக்கிறார். நான் அந்த வீட்டில் இருந்தவன். அதன் பெயர் திருட்டு.

உண்மையைச் சொன்னால் நோயாளி சீக்கிரம் போய்விடுவார் என்பது அவருடைய அடுத்த வாதம். ஆதாரம் எதுவும் தரவில்லை, ஊரில் எல்லோரும் சொல்வதுதான். இதற்கு ஆதாரத்தோடு பதில் இருக்கிறது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், முற்றிப் பரவிய நுரையீரல் புற்றுள்ள 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே வலிநிவாரண, ஆதரவுக் குழுவின் சந்திப்புகள். நோய் எங்கே நிற்கிறது, உங்களுக்கு எது முக்கியம், எது வேண்டாம் என்று உட்கார்ந்து பேசுவதும் அந்தச் சந்திப்புகளில் ஒரு பங்கு. இரண்டாம் பகுதியினர் கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே ஏற்றார்கள், மனச்சோர்வும் அவர்களிடம் குறைவு. அப்படியிருந்தும் அவர்களுடைய இடைநிலை வாழ்நாள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். ஏறக்குறைய மூன்று மாதம் கூடுதல். பேச்சு மட்டுமே அந்த மூன்று மாதத்தைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. பேசினால் செத்துவிடுவார்கள் என்பது வடிகட்டிய பொய் என்று மட்டும் சொல்கிறேன். என் பெரியப்பாவுக்கு மூன்று மாதம்கூட வேண்டாம். ஒரு சாயங்காலம் போதும்.

எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று சுயநினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் நமக்கு உறுதிசெய்தது. 2023-ல் நடைமுறையை எளிமையாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றது. இதை எழுத உட்காரும் ஒருவர் தன் சாவை ஒரு மணி நேரமாவது நினைத்துத்தான் ஆக வேண்டும். கட்டுரையாளரின் அகராதிப்படி அவர் நோயாளி.

கட்டுரையாளரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அச்சேறாத எழுத்து தன்னிடம் கட்டுக்கட்டாக இருப்பதாக அந்தக் கட்டுரையிலேயே போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அது எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி எங்கே தொங்குகிறது என்று இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் யாரிடமாவது சொல்லிவைக்கட்டும். அவர் எழுத்தோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் அது எடைக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.